ஐ.வி.எஃப் இரட்டையர், குறைப்பிரசவம்... 30 நாளுக்குள் தவறவிடக் கூடாத கண் பரிசோதனை!

கல்யாணமாகி எட்டு வருடம். மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று அலைந்து, இரண்டு முறை தோற்று, மூன்றாவது ஐ.வி.எஃப்-ல் 'பாசிட்டிவ்'. அதுவும் இரட்டைக் குழந்தைகள். ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு மண்டபம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் திடீரென்று பனிக்குடம் உடைகிறது. 31 வாரத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒன்றரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை. 25 நாள் இன்குபேட்டர், டியூபில் தாய்ப்பால், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த அப்பா. ஒருவழியாக டிஸ்சார்ஜ். கையில் கொடுக்கும் ஃபைலில் தடுப்பூசி தேதிகளுக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: 'ஆர்.ஓ.பி ஸ்க்ரீனிங் - ஒரு வாரத்துக்குள்.'

இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை. ஆனால், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இன்று நடக்கக்கூடிய கதை. சிக்கல் தொடங்குவது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

"அத்தை, வியாழக்கிழமை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"பச்ச உடம்பும்மா ரெண்டும். இப்பத்தான் தப்பிச்சு வந்திருக்குதுங்க. கண்ணு நல்லாத்தானே இருக்கு? மூணு மாசம் போகட்டும்."

மாமியார் சொன்னதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. குறைமாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனால் சளி பிடிக்கும், திருஷ்டி படும், கூட்டத்தில் நோய் தொற்றும் என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. எட்டு வருடம் காத்திருந்து பெற்ற குழந்தைகள் என்றால் அந்தப் பயம் இரண்டு மடங்கு. ஆனால், அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு குழந்தையின் பார்வை மொத்தமாகப் போய்விடலாம். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியவே தெரியாது.

விழித்திரை என்னும் முடியாத வேலை

செல்போன் கேமராவில் லென்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் கெட்டுப்போனால் படம் வராது. கண்ணுக்குள் அந்த சென்சாரின் வேலையைச் செய்வது விழித்திரை. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் கருவின் 16-வது வாரம் வாக்கில் கண்ணின் பின்பக்கம், நரம்பு நுழையும் இடத்திலிருந்து முளைக்கத் தொடங்குகின்றன. அங்கிருந்து நாலாபக்கமும் மெதுவாகப் படர்ந்து, மூக்குப் பக்கத்து ஓரத்தை 36-வது வாரத்திலும், காதுப் பக்கத்து ஓரத்தை 40-வது வாரத்தையொட்டியும் எட்டுகின்றன. அதாவது, நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கே இந்த வேலை பிரசவத் தேதியை ஒட்டித்தான் முடிகிறது. 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரையின் ஓரப்பகுதி இன்னும் நாளங்களே இல்லாத வெற்றிடம்.

கர்ப்பப்பைக்குள் ஆக்சிஜன் அளவு குறைவு. அந்தக் குறைவுதான் நாளங்களை வளரச் சொல்லித் தூண்டுகிறது. விழித்திரை 'வி.இ.ஜி.எஃப்' என்ற புரதத்தைச் சுரந்து, 'இங்கே ரத்தம் வேண்டும்' என்று கூப்பிடும். நாளம் அந்தப் பக்கம் வளரும். குழந்தை முன்கூட்டியே வெளியே வந்ததும் சாதாரணக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனே அதற்கு அதிகம். மூச்சுத்திணறலுக்காகக் கூடுதல் ஆக்சிஜனும் கொடுத்தால் இன்னும் அதிகம். கூப்பிடும் குரல் அடங்கிவிடுகிறது. நாளங்கள் வளர்வதை நிறுத்திவிடுகின்றன. தாயின் உடலிலிருந்து கிடைத்துக்கொண்டிருந்த 'ஐ.ஜி.எஃப்-1' என்ற வளர்ச்சிப் பொருளும் தொப்புள்கொடியோடு நின்றுபோகிறது.

இது முதல் கட்டம். சில வாரங்கள் கழித்து விழித்திரை வளர்ந்து, அதன் பசி கூடும்போது இரண்டாவது கட்டம் வருகிறது. ரத்தம் போகாத ஓரப்பகுதி இப்போது ஒரேயடியாகக் கூச்சல் போடுகிறது. வி.இ.ஜி.எஃப் வெள்ளமாகச் சுரக்க, நாளங்கள் தாறுமாறாக, வளரக் கூடாத திசையில் முளைக்கின்றன. இவை பலவீனமானவை; கசியும், தழும்பாகும், சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையையே பிடித்து இழுத்துப் பிய்த்துவிடும். இதற்குத்தான் 'ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி', சுருக்கமாக ஆர்.ஓ.பி என்று பெயர்.

இரண்டாவது கட்டம் தொடங்குவது பெரும்பாலும் குழந்தை வீட்டுக்குப் போகும் சமயத்தில். எடை ஏறுகிறது, பால் குடிக்கிறது, எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கண்ணுக்குள் மட்டும் வேறொன்று நடந்துகொண்டிருக்கலாம்.

உயிர் காத்த ஆக்சிஜன்

இந்த நோய்க்கு ஒரு சங்கடமான வரலாறு உண்டு. 1942-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் தியோடர் டெர்ரி என்ற கண் மருத்துவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு திரை இருப்பதை முதன்முதலில் பதிவு செய்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் அப்படிப்பட்ட குழந்தைகள் குவிந்தார்கள். அதுவும் வசதியான மருத்துவமனைகளில்தான் அதிகம். காரணம் புரியாமல் டாக்டர்கள் திணறினார்கள்.

1951-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கேட் கேம்ப்பெல், ஆக்சிஜன் தாராளமாகக் கொடுக்கப்பட்ட இடத்தில்தான் பார்வையிழப்பு அதிகம் என்பதைக் கவனித்து எழுதினார். பிறகு அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து 1953-ல் தொடங்கிய ஆய்வு அதை உறுதி செய்தது. புதிய இன்குபேட்டர்களில் காற்றுப் புகாமல் ஆக்சிஜனை நிரப்பியதுதான் காரணம். அதற்குள் உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் பார்வையிழந்திருந்தார்கள் என்பது கணக்கு. 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்தான்.

சரி, ஆக்சிஜனைக் குறைத்தால் தீர்ந்துவிடுமா? குறைத்துப் பார்த்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது; மூச்சுக் கிடைக்காமல் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்ற ஏறக்குறைய 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று 1973-ல் கென்னத் கிராஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 'லான்செட்' இதழில் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைப் படித்தால், இன்றைக்கு என்.ஐ.சி.யூ-வில் நர்ஸ்கள் ஏன் மானிட்டரையே பார்த்துக்கொண்டு, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 90-லிருந்து 95 சதவிகிதத்துக்குள் வைக்கப் போராடுகிறார்கள் என்பது புரியும். கீழே போனாலும் ஆபத்து, மேலே போனாலும் ஆபத்து.

ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து அளந்து கொடுக்கும் 'பிளெண்டர்' கருவி இல்லாத சிறிய மருத்துவமனைகளில் சிலிண்டரிலிருந்து நேரடியாகச் சுத்த ஆக்சிஜன் போகிறது. இந்தியாவில், மேலைநாடுகளில் இந்த நோய் வராத அளவு பெரிய குழந்தைகளுக்கும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"நான் ஊசி போட்டுக்கிட்டதாலயா டாக்டர்?"

குழந்தைக்குக் கண்ணில் பிரச்னை என்றதும் கருத்தரிப்பு சிகிச்சை எடுத்த பெண்கள் பலரின் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்காவிட்டாலும் உறவினர் யாராவது கேட்டுவிடுவார்கள்.

பெரும்பகுதி பதில் நேரடியானது. ஆர்.ஓ.பி-க்கு முதன்மைக் காரணம் சீக்கிரம் பிறப்பதும், எடை குறைவாகப் பிறப்பதும். சிகிச்சையில் கருவான குழந்தைகள் சீக்கிரம் பிறப்பதற்கு மிகப் பெரிய காரணம், ஒன்றுக்கு மேற்பட்ட கரு. இயல்பான கருத்தரிப்பில் 80, 90 பிரசவங்களுக்கு ஒன்றுதான் இரட்டை. ஐ.வி.எஃப்-ல் இரண்டு கருக்களை வைக்கும்போது கர்ப்பமாகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இரட்டை உருவாகலாம். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். மூன்று குழந்தைகள் என்றால் சராசரியாக 32 வாரத்திலேயே பிரசவம்.

ஐ.வி.எஃப் மட்டும்தான் என்றில்லை. கருமுட்டை வளர மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொண்டு, ஐ.யு.ஐ செய்தவர்களுக்கும் இரட்டையும் மூன்றும் உருவாகலாம். 'நாங்க டெஸ்ட் டியூப் எல்லாம் போகலை' என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரே குழந்தையைச் சுமக்கும் ஐ.வி.எஃப் கர்ப்பத்திலும் குறைப்பிரசவ வாய்ப்பு இயல்பானதைவிடச் சற்று அதிகம். தாயின் வயது, ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடிப் பிரச்னைகள் எல்லாம் அதில் சேர்கின்றன.

பிறந்த வாரமும் எடையும் ஒன்றாக இருக்கும் இரண்டு குழந்தைகளில், சிகிச்சையால் உருவான குழந்தைக்கு ஆர்.ஓ.பி வாய்ப்பு தனியாகக் கூடுகிறதா? ஆய்வுகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. சில, கடுமையான ஆர்.ஓ.பி அவர்களிடம் அதிகம் என்றன. வேறு பல, வாரத்தையும் எடையையும் கணக்கில் எடுத்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது என்றன. எப்படி இருந்தாலும், செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்றேதான். ஒரு தாய் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ள இதில் எதுவும் இல்லை.

தடுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது கருவை வைக்கும் நாள். ஸ்வீடனில் 2003-லிருந்து பொதுவாக ஒரே ஒரு கருவை வைப்பதை விதியாக்கினார்கள். இரட்டைப் பிரசவங்கள் சரிந்தன. குழந்தை பெறுகிறவர்களின் விகிதம் சரியவில்லை. மீதிக் கருக்களை உறைய வைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்த முடிவதால் இது சாத்தியமானது. நம் ஊரில் ஒவ்வொரு முறையும் கைக்காசு லட்சக்கணக்கில் செலவாவதால், 'ரெண்டா வெச்சுடுங்க டாக்டர், ஒரே செலவுல முடிஞ்சிடும்' என்று தம்பதிகளே கேட்பது உண்டு. என்.ஐ.சி.யூ பில்லைப் பார்த்த பிறகுதான் அந்தக் கணக்கு தப்பு என்பது தெரிகிறது.

எந்தக் குழந்தைக்கு, எந்த நாளில்?

இந்திய வழிகாட்டுதல்கள் சொல்வது இது. 34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ, பிறந்தபோது எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 1,200 கிராமுக்குக் குறைவான குழந்தைக்கும் இன்னும் சீக்கிரம். இரண்டு, மூன்று வாரங்களிலேயே. 34-லிருந்து 36 வாரத்துக்குள் பிறந்திருந்தாலும், நீண்ட நாள் ஆக்சிஜன், கிருமித்தொற்று, ரத்தம் ஏற்றியது, எடை ஏறாதது போன்ற காரணங்கள் இருந்தால் பரிசோதனை தேவை என்று குழந்தை நல மருத்துவர் சொல்லலாம்.

அமெரிக்காவில் இந்த எல்லை 30 வாரம், 1,500 கிராம். வெளிநாட்டு இணையதளத்தில் படித்துவிட்டு 'நம்ம பாப்பா 1,700 கிராம், அதுக்குத் தேவையில்லை' என்று முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியக் குழந்தைக்கு இந்தியக் கணக்குதான்.

30 நாள் என்பது பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டியது. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல. இரட்டையர் என்றால் இருவரையும் காட்ட வேண்டும். ஒருவருக்குச் சுத்தமாக இருந்து, இன்னொருவருக்கு சிகிச்சை தேவைப்படும் நிலை வருவது உண்டு. பெரியவனைக் காட்டினோம், நன்றாக இருந்தது, சின்னவனை விட்டுவிட்டோம் என்பது நடக்கக் கூடாத விஷயம்.

அப்புறம், அம்மா வீடு. சென்னையிலோ கோவையிலோ பிரசவம் முடிந்து, டிஸ்சார்ஜ் ஆன கையோடு தாயும் குழந்தைகளும் 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்குப் போய்விடுகிறார்கள். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் கொடுத்த தேதி அங்கேயே நின்றுவிடுகிறது. ஊருக்குக் கிளம்பும் முன், அந்த ஊருக்குப் பக்கத்தில் ஆர்.ஓ.பி பார்க்கும் கண் மருத்துவர் யார் என்று குழந்தை டாக்டரிடம் கேட்டு ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி. எல்லா கண் மருத்துவர்களும் இதைப் பார்ப்பதில்லை. விழித்திரை சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் வேண்டும். மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியகிரம் திட்டத்தில் கவனிக்கப்படும் குறைபாடுகளின் பட்டியலில் ஆர்.ஓ.பி-யும் உண்டு. தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

டாக்டர் இல்லாத ஊருக்குக் கேமராவைக் கொண்டுபோகும் முயற்சிகளும் நடக்கின்றன. கர்நாடகத்தில் 2008-ல் தொடங்கிய 'கிட்ராப்' திட்டத்தில், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் சிறு ஊர் மருத்துவமனைகளுக்குப் போய்க் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். பெங்களூருவில் இருக்கும் நிபுணர் அதைத் தன் போனிலேயே பார்த்து முடிவு சொல்கிறார். கோவை அரவிந்த் கண் மருத்துவமனையும் இதே வழியில் சுற்றுவட்டார என்.ஐ.சி.யூ-க்களுக்குக் குழுவை அனுப்புகிறது.

பரிசோதனை அறைக்குள்...

குழந்தை அழும். இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது; பாட்டிகள் பலர் அடுத்த தேதிக்கு வர மறுப்பதற்கு இந்த அழுகையே காரணம்.

கண்மணி விரிய சில முறை சொட்டு மருந்து விடுவார்கள். பாலைக் கக்கி மூச்சில் ஏறிவிடாமல் இருக்க, கடைசிப் பாலுக்கும் பரிசோதனைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வைப்பார்கள். குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, வலி தெரியாமல் இருக்க மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமையைத் திறந்துவைக்க ஒரு சின்னக் கம்பியைப் பொருத்துவார்கள். தலையில் விளக்கு மாட்டிய டாக்டர், கையில் லென்ஸ் வைத்துக்கொண்டு உள்ளே பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண் சிவந்து, இமை வீங்கினாற்போல் இருக்கும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும்.

ஒரு தடவையோடு முடிவதில்லை என்பதுதான் கஷ்டம். நாளங்கள் விழித்திரையின் ஓரம் வரை வளர்ந்துவிட்டன என்று டாக்டர் சொல்லும்வரை, ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை போக வேண்டும். 'போன தடவை ஒண்ணும் இல்லைன்னாங்களே' என்று அடுத்ததைத் தவறவிடுவது பெரிய தவறு. போன தடவை ஒன்றும் இல்லை என்பதன் அர்த்தம், போன தடவை ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான்.

நோயை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகளில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு எந்த சிகிச்சையும் இல்லாமல் தானாகவே சரியாகிவிடும். மூன்றாவது நிலையில், நாளங்கள் தடித்து முறுக்கிக்கொண்டிருந்தால் சிகிச்சை தேவை. அதுவும் இரண்டு, மூன்று நாள்களுக்குள். 'மாப்பிள்ளை வெளியூர்ல இருந்து வரட்டும்', 'அமாவாசை போகட்டும்' என்று தள்ளிப்போட இடமில்லை.

சிகிச்சை இரண்டு வகை. நாளங்கள் எட்டாத, கூச்சல் போடும் ஓரப்பகுதியை லேசரால் சுட்டு அடக்குவது ஒன்று. ஓரத்தைக் கொஞ்சம் இழந்து, நடுப்பார்வையைக் காப்பாற்றுவதுதான் இதன் கணக்கு. இன்னொன்று, வி.இ.ஜி.எஃப்-ஐக் கட்டுப்படுத்தும் ஊசியைக் கண்ணுக்குள் போடுவது. இதில் பயன்படும் பெவாசிசுமாப், முதலில் புற்றுநோய்க்காக வந்த மருந்து. ஊசிக்குப் பிறகு நோய் சில மாதங்கள் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால், லேசரைவிட அதிக காலம் தொடர்ந்து காட்ட வேண்டும். நான்காவது, ஐந்தாவது நிலையில் விழித்திரை பிய்ந்துவிட்ட பிறகு அறுவை சிகிச்சைதான். ஐந்தாவது நிலையில் அதனாலும் பெரிதாகப் பார்வை மீள்வதில்லை. கண்மணி வெள்ளையாகத் தெரிகிறதே, குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே என்று வீட்டார் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த நிலையில்தான்.

ஒரு தீர்ப்பு

1996-ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டர், ஆக்சிஜன், டிஸ்சார்ஜ், பிறகு மருத்துவரிடம் தொடர் வருகைகள். கண் பரிசோதனை பற்றி மட்டும் பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து ஆர்.ஓ.பி என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வெளிநாடு வரை கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை. தந்தை தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூலையில் வந்த தீர்ப்பு, பரிசோதனை செய்யாததையும் பெற்றோரை எச்சரிக்காததையும் மருத்துவக் கவனக்குறைவு என்று சொல்லி, சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அப்போது அந்தப் பெண்ணுக்கு 18 வயது.

ஆக, பரிசோதனைக்கு அனுப்புவது மருத்துவமனை மனமிருந்தால் செய்யும் உதவி அல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரி இல்லையென்றால், 'எங்க குழந்தைக்கு ஆர்.ஓ.பி பார்க்க வேண்டாமா?' என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது.

சரியான பிறகும்...

ஆர்.ஓ.பி வந்து சரியான குழந்தைக்கும், சிகிச்சை எடுத்த குழந்தைக்கும் பின்னாளில் கிட்டப்பார்வை, மாறுகண், ஒரு கண் சோம்பலாகிப்போவது ஆகியவை வர வாய்ப்பு அதிகம். ஆர்.ஓ.பி வராத குறைமாதக் குழந்தைக்கும் நிறைமாதக் குழந்தையைவிட இந்த வாய்ப்பு கூடுதல்தான். மாறுகண்ணை 'அதிர்ஷ்டக் கண்' என்று சொல்லிச் சும்மா இருப்பது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஒரு கண் சோம்பலாகியிருந்தால் சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிப் பழக்கினால் சரிசெய்ய முடியும். வயது ஏற ஏற அந்த வாய்ப்பு குறையும்.

எனவே ஆர்.ஓ.பி பரிசோதனைகள் முடிந்துவிட்டன என்று டாக்டர் சொன்ன பிறகும், முதல் பிறந்தநாள் வாக்கில் ஒருமுறை, அதன் பிறகு பள்ளியில் சேரும்வரை ஆண்டுக்கு ஒருமுறை என்று கண் டாக்டரிடம் போய்வருவது வழக்கம். ஒன்றரை வயதில் மூக்குக்கண்ணாடி மாட்டிய குழந்தையைப் பார்த்து, 'இதுக்குப் போயா கண்ணாடி?' என்று கேட்க எந்தக் கல்யாண வீட்டிலும் நாலு பேர் இருப்பார்கள். 'ஆமாம் சித்தி, பாப்பாவுக்குக் கிட்டப்பார்வை' என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடலாம்.